கல்லூரி விளையாட்டரங்கப் பாடல் சர்ச்சைகள்

கல்லூரி மைதானத்திலும் விழா மேடையிலும் வழிவழியாக ஒலித்துவரும் பாடல் ஒன்று, அது பிறந்த விதத்தாலோ, அதிலுள்ள சொற்களாலோ, அதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தாலோ எதிர்ப்பைச் சந்திப்பது உண்டு. இவ்வகைச் சர்ச்சை பெரிதாக வெடித்தது அமெரிக்காவில். அங்கே கல்லூரி விளையாட்டு பெருவணிகம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்தப் பாட்டும், அதை முழக்க நூற்றுக்கணக்கானோர் கொண்ட பேண்டு வாத்தியக் குழுவும் உண்டு. இந்தியாவில் கல்லூரி ஆட்டங்களுக்கு அந்தக் கூட்டம் சேர்வதில்லை. ஆனால் விளையாட்டு விழா, பட்டமளிப்பு விழா, ஆண்டு விழா எதுவானாலும் வாழ்த்துப் பாடலில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும் வழக்கம் இங்கே இருக்கிறது. எனவே சண்டை மைதானத்திலிருந்து மேடைக்கு இடம் மாறிக்கொள்கிறது. அதை இரு மாநில எல்லையில் வைத்துப் பார்க்கப் பொருத்தமான இடம் கேரளத்தின் பீர்மேடு.

டெக்சாஸ்

ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பாடல் ‘தி ஐஸ் ஆஃப் டெக்சாஸ்’. 1903இல் ஜான் சின்கிளேர் என்ற மாணவர் எழுதியது. ரயில்பாதைத் தொழிலாளர் பற்றிய பழைய பாட்டொன்றின் மெட்டில் அமைந்தது. அதே ஆண்டு மே மாதம் ஆஸ்டினில் நடந்த ஒரு மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சியில் அரங்கேறியது. மின்ஸ்ட்ரல் என்பது வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப்பாடும் மேடைக் கேளிக்கை. டெக்சாஸ் மக்களின் கண்கள் உங்கள்மேல் இருக்கின்றன என்று மாணவர்களை எச்சரிப்பது அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் பிரேதரின் வழக்கம். அதைக் கிண்டல் செய்யத்தான் பாட்டே எழுதப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீயிடமிருந்து பிரேதர் அந்தத் தொடரை எடுத்தார் என்ற பேச்சும் நெடுங்காலம் உலவியது.

பல ஆண்டுகளாக ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் வீரர்கள் களத்தில் நின்று, ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் மாட்டுக் கொம்புபோல் உயர்த்தி, இதைப் பாடிவந்தார்கள். 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரரால் கொல்லப்பட்டபின் நிலைமை மாறியது. ஜூனில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வீரர்கள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். இனவெறியாளர்களின் பெயர் தாங்கிய கட்டடங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டும், இந்தப் பாட்டை நிறுத்த வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. நிர்வாகம் ஒரு கட்டடத்தின் பெயரை மாற்றியது. விளையாட்டுக் களத்துக்குக் கறுப்பின வீரர்களான ஏர்ல் கேம்பெல், ரிக்கி வில்லியம்ஸ் பெயரைச் சூட்டியது. பாட்டு மட்டும் தொடரும் என்றது.

அந்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி டல்லாஸில் ஓக்லஹோமா அணியுடன் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் டெக்சாஸ் 45க்கு 53 என்ற கணக்கில் தோற்றது. கூடுதல் நேரம் நான்கு முறை நீண்ட ஆட்டம் அது. பாட்டு ஒலித்தபோது பெரும்பாலான வீரர்கள் உள்ளே போய்விட்டார்கள். முன்னணி வீரர் சாம் எலிங்கர் ஏறக்குறையத் தனியாகக் களத்தில் நிற்கும் படம் நாடெங்கும் பரவியது. தோல்வியைவிட அந்தப் படம்தான் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. போதிய எண்ணிக்கையில் வாத்தியக்காரர்கள் வாசிக்க முன்வராததால் அந்தப் பருவத்தில் பேண்டு குழுவுக்குப் பதில் பதிவு செய்த இசையை ஒலிபரப்ப வேண்டி வந்தது. வீரர்கள் நின்று பாடாவிட்டால் நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்று பணக்கார முன்னாள் மாணவர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய மின்னஞ்சல்களை ‘டெக்சாஸ் ட்ரிபியூன்’ 2021 மார்ச்சில் வெளியிட்டது. பாட்டின் பழம்பெருமையைப் பற்றி மேடையில் பேசப்பட்டது ஒன்று, திரைக்குப் பின்னால் எண்ணப்பட்டது வேறொன்று என்பது அப்போது தெரிந்தது.

அதே மார்ச்சில், பாட்டின் வரலாற்றை ஆராயப் பல்கலைக்கழகம் அமைத்திருந்த 24 பேர் குழு தன் அறிக்கையைத் தந்தது. கரி பூசிய மேடையில் பாட்டு அரங்கேறியதை ஒப்புக்கொண்டது. லீயுடன் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது. எழுதியவரிடம் இனவெறி நோக்கம் இல்லை என்று முடித்தது. பாட விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றும் பல்கலைக்கழகம் உறுதி கூறியது. ஆனால் அதிகாரபூர்வ பேண்டு குழுவில் சேருபவர் இதை வாசித்தே ஆக வேண்டும். மறுப்பவருக்குத் தனியாக இன்னொரு குழு அமைக்கப்படும் என்று 2021 ஏப்ரலில் அறிவித்தது. வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பள்ளிகளைப் பிரித்து வைத்திருந்த மாநிலத்தில் இந்த யோசனை எப்படி ஒலிக்கும் என்பதை நிர்வாகம் யோசித்ததாகத் தெரியவில்லை. செப்டம்பரில் மாணவர் சிலரும் கறுப்பின மக்கள் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் டெக்சாஸ் கிளையும் மத்திய கல்வித் துறையிடம் புகார் கொடுத்தார்கள். பாட்டு நிற்கவில்லை.

மிசிசிப்பி முதலிய இடங்கள்

மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் முடிவு வேறு மாதிரி அமைந்தது. அங்கே ஒலித்தது ‘டிக்ஸி’. இதுவும் 1859இல் மின்ஸ்ட்ரல் மேடையில் பிறந்து, உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைகளின் பாட்டாக மாறியது. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர்வதை எதிர்த்து இருவர் சாகும் அளவுக்குக் கலவரம் நடந்த வளாகம் இது. தென்னகம் மீண்டும் எழும் என்று டிக்ஸி கலந்த இசைக்கோவையின் முடிவில் ரசிகர்கள் கோஷம் போடத் தொடங்கியதால் 2009இல் அந்தக் கோவை நிறுத்தப்பட்டது. 2016இல் டிக்ஸியை வாசிப்பதே முழுதாக நின்றது. டெக்சாஸ் பாட்டின் சொற்களில் யாரையும் இழிவு செய்யும் எதுவும் இல்லை. டிக்ஸியின் கதை அப்படியல்ல; ஒரு படையே அதைத் தன் கொடியாகத் தூக்கியிருந்தது. இரண்டுக்கும் வெவ்வேறு முடிவு கிடைத்ததற்கு இது ஒரு காரணம்.

மேரிலாந்து பல்கலைக்கழக பேண்டு குழு தன் மாநிலப் பாடலை 2017இல் கைவிட்டது. மாநிலமே 2021இல் அதை நீக்கியது. இங்கிலாந்தில் ரக்பி ரசிகர்கள் பாடும் ‘ஸ்விங் லோ, ஸ்வீட் சேரியட்’ அடிமைகளின் பக்திப் பாட்டு. அதன் பின்னணி பாடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று 2020இல் ரக்பி சங்கமே ஆய்வு நடத்தியது. தடை வரவில்லை.

இலங்கையில் பள்ளி கிரிக்கெட்டின் ‘பிக் மேட்ச்’ நாட்களில் பப்பரே வாத்தியமும் பைலாப் பாட்டும் அதிரும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் போர் 1904இல் தொடங்கியது. அங்கே பாட்டைப் பற்றிய வழக்கு மைதானத்தில் இல்லை, நாட்டுப்பண்ணின் மொழியில் இருக்கிறது. 2016 சுதந்திர தின அரசு விழாவில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. 2020இல் தமிழ் விடப்பட்டது.

தமிழ்நாடு: வாழ்த்துப் பாடலும் எழுந்து நிற்பதும்

தமிழ்நாட்டில் இந்த வகைச் சர்ச்சைக்கு நடுவில் இருப்பது தமிழ்த்தாய் வாழ்த்து. இதை எழுதியவர் திருவிதாங்கூர்க்காரர். ஆலப்புழையில் 1855இல் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். 1891இல் வெளிவந்த அவருடைய ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பகுதிதான் 1970இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அரசு விழாக்களின் தொடக்கப் பாடலானது. எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார்.

மூலப் பாடல் முழுதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழிலிருந்து பிறந்தவை என்றும், ஆரிய மொழிபோல் தமிழ் வழக்கொழியவில்லை என்றும் சொல்லும் வரிகள் விடப்பட்டன. விட்டது சரி என்பவர்களும், கவிஞரின் பாட்டைக் கத்தரிக்க அரசுக்கு என்ன உரிமை என்பவர்களும் இன்றும் உண்டு. பிற மொழியாரும் அமர்ந்திருக்கும் அரங்கில் பாடவேண்டிய பாட்டு என்ற முறையில் விட்டதே முறை. அதற்காகப் பாட்டில் யாரும் கை வைக்கலாம் என்றாகிவிடாது. 2024 அக்டோபர் 18 அன்று சென்னைத் தூர்தர்ஷன் தொலைக்காட்சி நிலையத்தில் ஆளுநர் ஆர்.என். ரவி கலந்துகொண்ட இந்தி மாத விழாவில் திராவிடம் என்ற சொல் வரும் வரி பாடப்படாமல் போனது. பெரும் கண்டனத்துக்குப்பின் தூர்தர்ஷன் மன்னிப்புக் கேட்டது.

வரிகளைவிட அதிகம் சண்டை மூட்டியது எழுந்து நிற்கும் விஷயம். 2018 ஜனவரியில் சென்னை நூல் வெளியீட்டு விழா ஒன்றில் காஞ்சி மடத்தின் விஜயேந்திரர் வாழ்த்துப் பாடலுக்கு எழாமல் அமர்ந்திருந்தார். அவர் தியானத்தில் இருந்தார் என்று மடம் விளக்கியது. நாட்டுப்பண்ணுக்கு எழுந்தாரே என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அதையொட்டி நடந்த போராட்டம் ஒன்றின்மீது பதிவான வழக்கை 2021 டிசம்பர் தொடக்கத்தில் ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இது இறைவணக்கப் பாடல், நாட்டுப்பண் அல்ல, எழுந்து நிற்கச் சொல்லும் சட்டமோ ஆணையோ இல்லை என்றார். உயர்ந்த மரியாதை காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அதற்குச் சில நாள் முன்பு, நவம்பர் 20 அன்று, சென்னை ஐ.ஐ.டி. பட்டமளிப்பு விழா வாழ்த்துப் பாடல் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது. அமைச்சர் பொன்முடி இயக்குநருக்குக் கடிதம் எழுதினார். இரண்டும் சேர்ந்து, டிசம்பர் 17 அன்று அரசாணை வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பட்டது. கல்வி நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள், பொது நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் தொடக்கத்தில் பாட வேண்டும். 55 விநாடிகளில் முடிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். இசைத்தட்டு போடாமல் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு வாயால் பாட வேண்டும் என்றும் ஆணை சொல்கிறது. கல்லூரி விளையாட்டு விழா நடத்திப் பார்த்தவர்களுக்கு இது லேசுப்பட்ட காரியமல்ல என்று தெரியும். வெயிலில் அணிவகுப்புக்கு நிற்கும் மாணவர்கள், கரகரக்கும் ஒலிபெருக்கி, சுருதியை எங்கே பிடிப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் நான்கு பேர்: பாட்டு பெரும்பாலும் பென் டிரைவிலிருந்துதான் வருகிறது.

பீர்மேடு

பீர்மேடு அன்றைய திருவிதாங்கூரின் மலைப்பகுதி. மன்னர் கோடையில் தங்கும் இடம். 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவாகும் வரை கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை எங்கும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள். மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956இல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் கிடைத்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

இதனால் ஒரு வினோதம் நேர்ந்தது. குமுளியைத் தாண்டி இறங்கினால் தமிழ்நாட்டின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம். அங்குள்ள கல்லூரிகளை 2021 அரசாணை கட்டுப்படுத்தும். மேலே பீர்மேட்டை ஒட்டிய குட்டிக்கானத்துக் கல்லூரியை அது கட்டுப்படுத்தாது, வகுப்பில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இருந்தாலும் சரி. பாடலை எழுதியவரோ மேலே இருக்கும் மாநிலத்துக்காரர். மலையாளத்தைத் தமிழின் மகள் என்று சொன்ன வரிகளைத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து எழுதியவர்.

கேரளத்துக்கும் பாட்டுச் சண்டை புதிதல்ல. 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தின் வரவேற்புப் பாடல் காட்சியில் பயங்கரவாதியை முஸ்லிம் தோற்றத்தில் காட்டியது கண்டனத்துக்கு உள்ளானது. 2024 பிப்ரவரியில், மாநிலத்துக்கென்று பாடல் எழுதச் சொல்லிவிட்டுத் தன்னை அவமதித்தார்கள் என்று கவிஞர் ஸ்ரீகுமாரன் தம்பி சாகித்திய அகாதமியைச் சாடினார்.

ஆனால் நாடு முழுவதற்கும் வழிகாட்டிய வழக்கு கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரிலிருந்து வந்தது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்கள் மதம் அனுமதிக்கவில்லை. நெடுநாள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவனித்துச் சொன்னபின் விசாரணை நடந்து, 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும், மரியாதையுடன் எழுந்து நிற்பதே போதும், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பளித்தார்கள்.

டெக்சாஸ் நிர்வாகம் இரண்டாவது பேண்டு குழு அறிவித்துத் தேடிய வழியைக் கிடங்கூர் வழக்கு அதற்கு முப்பத்தைந்து ஆண்டுக்கு முன்பே இதைவிட நேர்த்தியாகக் காட்டியிருந்தது: பாட்டு நிற்க வேண்டியதில்லை, பாடாதவரும் அதே வரிசையில் நிற்கலாம். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லும். நாட்டுப்பண்ணுக்கு மரியாதையுடன் நிற்கும் மாணவரை, வாய் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் பீர்மேட்டிலும் கம்பத்திலும் எந்தக் கல்லூரியும் வெளியேற்ற முடியாது.