குச்சிக்கிழங்குக்கு மண்ணுக்குள்ள ஒரு பார்ட்னர்... யார் தெரியுமா?

சேலம் ஜவ்வரிசி எல்லாருக்கும் தெரியும். அதுக்கான கிழங்கை வளர்த்துவிடுற பூஞ்சையைத் தெரியுமா?

வேரோடு ஒரு டீல்

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்குன்னு சொல்ற மரவள்ளிக்கு வேர்கள் தடிமன். சத்தை உறிஞ்சும் மெல்லிய தூவிகள் குறைவு. மணிச்சத்தோ மண்ணில் இருந்த இடத்தைவிட்டு லேசில் நகராது. இங்கேதான் வேர் உட்பூசணம், அதாவது 'வேம்' கைகொடுக்குது. வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கும் மெல்லிய இழைகளை அனுப்பி மணிச்சத்தைக் கொண்டுவரும். பதிலுக்கு, செடி சர்க்கரையைக் கொடுக்கும். இந்தக் கூட்டணிக்கு 'மைக்கோரைசா' (பூஞ்சை வேர்) என 1885-ல் பெயர் வைத்தவர், ஜெர்மன் விஞ்ஞானி ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். 40 கோடி ஆண்டுகள் பழைமையான புதைபடிவங்களிலேயே இது இருக்கு!

டீமில் இன்னும் யார்?

* டிரைக்கோடெர்மா விரிடி: வேரழுகல் உண்டாக்கும் பூஞ்சைகளைத் தாக்கும் நல்ல பூஞ்சை. ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ தொழுஉரத்தில் கலந்து போடலாம்.
* அசோஸ்பைரில்லம்: காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா.
* ரைசோபியம்: நிலக்கடலை வேர் முடிச்சுகளில் வாழும். முடிச்சை நசுக்கிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா, வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

கோழி எருவில் கவனம்

நாமக்கல் பக்கம் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனா, அதில் மணிச்சத்து அதிகம். அளவுக்கு மீறிக் கொட்டினா, செடிக்குப் பூஞ்சையின் உதவி தேவைப்படாது. வேரில் வேம் குறைஞ்சிடும். மக்காத எரு வேரையும் கருக்கிடும். அதனால, நல்லா மக்கவைத்து, மண் பரிசோதனை செய்துட்டு அளவா போடுங்க.

வாங்கும்முன்...

* இவை உயிருள்ளவை. காலாவதி தேதி பாருங்க, நிழலில் வைங்க.
* ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீங்க.
* வேம், உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. அதனால மேலே தூவாமல், வேர் படும் இடத்தில், விதைக்குக் கீழே போடணும்.
* மாடித்தோட்டத்துக்கும் இதே முறைதான். ஆனா, முள்ளங்கி, முட்டைக்கோஸுக்கு வேம் வாங்கினா காசு வீண். அவற்றோடு இந்தப் பூஞ்சை கூட்டு சேராது.

உயிர் உரங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் கிடைக்கும். எந்தப் பயிருக்கு எது, எவ்வளவுன்னு சந்தியூர், நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டுக்கலாம்.