பிறந்த நாளா? நடந்த நாளா?



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு டைரியையே மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டார்கள். ஜனவரியிலே ஆரம்பித்து டிசம்பர் வரைக்கும் யார் யார் என்றைக்குப் பிறந்தார்கள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஊரில் உள்ளவர்கள் பிறந்தநாளையெல்லாம் இவங்க ஞாபகம் வச்சிருக்காங்க, இவங்க பிறந்தநாளை இவங்க வீட்டுக்காரர் ஞாபகம் வச்சிருக்காரா? (சிரிப்பு) அவர் முதல் வரிசையிலேதான் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டார், அதனாலே மேலே கேட்கவில்லை. (கைதட்டல்)

அம்மையார் ஜூன் 24-ஐச் சொன்னபோது நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். 1927 ஜூன் 24-லே சிறுகூடல்பட்டியிலே கண்ணதாசன் பிறக்கிறார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1928 ஜூன் 24-லே, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலே எம்.எஸ்.விஸ்வநாதன் பிறக்கிறார். பாட்டு எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ஒரே தேதி. "இது நாளின் மகிமை இல்லையா?" என்று கேட்டார்கள்.

நான் கேட்கிறேன். அந்த ஜூன் 24-லே அவர்கள் இரண்டு பேர் மட்டுமா பிறந்தாங்க? ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்திருக்கும். அந்த நாளிலே மகிமை இருந்திருந்தால் அத்தனை பேரும் பல்லவி எழுதியிருக்க வேண்டாமா? அவங்க ரெண்டு பேரும் ஓர் அறையிலே ஆர்மோனியத்தை நடுவிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாங்களே, சண்டை போட்டாங்களே, வார்த்தையை மாற்று, மெட்டை மாற்று என்று மல்லுக்கட்டினாங்களே, அந்த நாள்களுக்குத் தேதி இல்லை. காலண்டர்காரன் அதைக் குறிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நம் காதிலே கேட்கிறது எல்லாம் அந்தத் தேதியில்லாத நாள்களிலே பிறந்ததுதான். (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். இளையராஜா அவர்கள் பிறந்தது 1943 ஜூன் 3. கொண்டாடுவது ஜூன் 2. ஏன்? ஜூன் 3 கலைஞர் பிறந்தநாள். 'இசைஞானி' என்று பட்டம் கொடுத்தவர் அவர். அந்த நாள் அவருக்கே இருக்கட்டும் என்று தன் பிறந்தநாளை ஒரு நாள் முன்னாலே நகர்த்தி வைத்துக்கொண்டதாக இளையராஜாவே மேடையிலே சொல்லியிருக்கிறார். நடுவர் அவர்களே, பிறந்த நாளை விட்டுக் கொடுக்கலாம், பக்கத்துக் கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 1976 மே 14-ஐ யாராவது மாற்ற முடியுமா? அன்றைக்குத்தான் 'அன்னக்கிளி' வெளியாச்சு. முதல் பாட்டை ஒலிப்பதிவு செய்ய ஆரம்பிக்கும்போது கரண்ட் போய்விட்டது, சகுனம் சரியில்லை என்று கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்று அவரே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். சகுனம் பார்த்து அன்றைக்கே எழுந்து போயிருந்தால், பிறந்தநாள் ஜூன் 2-ஆ 3-ஆ என்று நாம் ஏன் பேசப்போகிறோம்?

"பிறக்காமல் எப்படிய்யா சாதிப்பான்?" என்று அம்மையார் மடக்கினார்கள். நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் எப்படிப் பெரிய நாளாகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். அதற்காக உங்களை எல்லாம் திருவையாற்றுக்கு அழைத்துப் போகப்போகிறேன். பஸ் டிக்கெட் நடுவர் எடுப்பார். (சிரிப்பு)

தியாகராஜ சுவாமிகள் திருவாரூரிலே பிறந்தது 1767 மே 4. இங்கே இருப்பவர்களிலே எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருத்தர்... அவர் சங்கீத வாத்தியாராக இருப்பார். ஆனால் ஆராதனை என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் ஜனவரி 6 என்று யாரும் கொண்டாடுவதில்லை. புஷ்ய பகுள பஞ்சமி, பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள். சந்திரனுடைய பன்னிரண்டு மாதம் சுமார் 354 நாள்தான். சூரிய வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைச்சல். அதனாலே இந்தத் திதி இங்கிலீஷ் காலண்டரிலே ஓடிக்கொண்டே இருக்கும். 2024-லே ஜனவரி 30. 2025-லே ஜனவரி 18. தேதி நிற்கிறதே இல்லை, ஆனால் நாள் நிற்கிறது. எதனாலே நிற்கிறது?

அந்த மகான் மறைந்த பிறகு காவேரிக் கரையிலே ஒரு சமாதி. சீடர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். புதர் மண்டிவிட்டது. 1903-லே உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்று இரண்டு முதிய சீடர்கள் வந்து பார்த்து, இடத்தைச் சீர் பண்ணி, அங்கேயே வருஷா வருஷம் நினைவுநாள் நடக்க ஏற்பாடு செய்தார்கள். மறைந்து ஐம்பத்தாறு வருஷம் கழித்து! பிறகு ஆராதனை வளர்ந்தது. வளர்ந்தால் நம் ஊரிலே என்ன ஆகும்? இரண்டு கட்சி ஆச்சு. (சிரிப்பு) சின்னக் கட்சி, பெரிய கட்சி. சின்னக் கட்சி பஞ்சமிக்கு முந்தைய ஐந்து நாள் நடத்தும். பெரிய கட்சி பஞ்சமியன்று தொடங்கி அதற்குப் பிறகு நடத்தும். ஒரே குருநாதருக்கு இரண்டு பந்தல். இரண்டு கட்சிக்கும் ஒரே ஒரு விஷயத்திலேதான் ஒற்றுமை, பெண்கள் அங்கே பாடக்கூடாது.

இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். தேவதாசி மரபிலே வந்தவர். மைசூர்ச் சீமையிலிருந்து வந்து சென்னையிலே பெரும் புகழோடு பாடியவர். சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று தன் குருநாதரிடமிருந்து சேதி வருகிறது. 1921-லே கிளம்பிப் போனார். கச்சேரியிலே சம்பாதித்த பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். கட்டினவருக்கு அங்கே பாட அனுமதி உண்டா? கிடையாது. கல்லுக்குக் காசு வாங்கலாம், குரலை மட்டும் வாங்கமாட்டார்களாம்!

அந்த அம்மாள் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927-லே பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்பக்கத்திலே தனியாக ஆராதனை நடத்தினார். ஊரார் அதற்குப் 'பெண்கள் கட்சி' என்று பேர் வைத்தார்கள். முன்னாலே ஆண்கள், பின்னாலே பெண்கள், நடுவிலே தியாகராஜர். அவர் எந்தப் பக்கம் கேட்டிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. (கைதட்டல்)

இப்படியே பதின்மூன்று வருஷம். ஒரு வருஷம் இல்லீங்க, இரண்டு வருஷம் இல்லீங்க. அப்புறம்தான் முசிரி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் முயற்சி எடுத்து 1940-லே கட்சிகள் எல்லாம் ஒன்றாயின. 1941 ஆராதனையிலே பெண்களும் அந்தச் சந்நிதியிலே பாடினார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்திலே பஞ்சரத்தினத்தை ஆணும் பெண்ணும் ஒரே பந்தலிலே சேர்ந்து பாடுகிறார்களே, டி.வி.யிலே பார்த்து நாமும் வீட்டிலே தாளம் போடுகிறோமே, அந்தக் காட்சிக்குப் பின்னாலே இத்தனை சண்டை இருக்கிறது.

எதிரணியிலே ஒரு கேள்வி கேட்பீர்கள். "அதுவும் ஒரு நினைவு நாள்தானே, பிறந்தநாளுக்குத் தம்பிதானே?" இல்லை ஐயா. 1847-லே அந்தப் பஞ்சமியன்று ஒரு முதியவர் மறைந்தார், அவ்வளவுதான். 1903-லே இரண்டு கிழவர்கள் புதரை வெட்டினார்கள். 1927-லே ஒரு பெண்பிள்ளை பின்வாசலிலே உட்கார்ந்து பாடினாள். 1941-லே முன்வாசல் திறந்தது. அந்தத் திதியை நாளாக்கியது இவர்கள் செய்த வேலை. மறைந்ததாலே மட்டும் நாள் நிற்கும் என்றால் 1847-க்கும் 1903-க்கும் நடுவிலே அது எங்கே போயிருந்தது?

நாகரத்தினம்மாள் பிறந்தது 1878 நவம்பர் 3. அம்மையாருடைய டைரியிலே அந்தத் தேதி இல்லை, நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். (சிரிப்பு, கைதட்டல்) 1952 மே மாதம் அவர் மறைந்தார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி. சந்நிதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சிலை இருக்கிறது. பின்பக்கத்திலே இல்லீங்க, நேர் எதிரிலே. ஆராதனைக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையைத் தாண்டித்தான்...

மணி அடித்துவிட்டார் நடுவர். திருவையாற்றிலேயே இறங்கிக்கொள்கிறேன்.