ஒரே பார்ட் திரும்பத் திரும்ப பழுதாகுதா? கார் வாரண்டியில் என்ன கேட்கலாம், எங்கே புகார் தரலாம்?

புது கார் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏசி கூலிங் வரவில்லை என்று கம்ப்ரஸரை மாற்றித் தருகிறார்கள். நாலே மாசத்தில் மறுபடியும் அதே பிரச்னை. மூன்றாவது முறை சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கும்போது வரும் கேள்வி: "இந்த கார் வேண்டாம், வேற கார் கொடுங்கன்னு கேட்க முடியாதா?"

கேட்கலாம். ஆனால் வாரண்டியை மட்டும் காட்டிக் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

வாரண்டியில் என்ன இருக்கிறது?

வாரண்டி புக்கை எடுத்துப் பாருங்கள். தயாரிப்புக் குறை உள்ள பாகத்தை இலவசமாகச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம் என்றுதான் இருக்கும். புது கார் தருவோம் என்று இருக்காது. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. கிளட்ச் கோளாறு இருந்த காருக்குப் பதிலாக வேறு கார் தரச் சொன்ன உத்தரவை அது ஏற்கவில்லை.

ஆனால் 2010-ல் ஃபியட் கார் வழக்கு ஒன்றில் அதே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியைக் காட்டியது. காரை சுயேச்சையான நிபுணர் பரிசோதித்து, அடிப்படையிலேயே தயாரிப்புக் குறை இருப்பதாகச் சொன்னால், கார் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. அமெரிக்காவில் இத்தனை முறை ரிப்பேர் செய்தும் சரியாகாவிட்டால் காரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 'லெமன் லா' இருக்கிறது. இங்கே அப்படி எண்ணிக்கை எதுவும் கிடையாது. கோளாறு தீரவே இல்லை என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

எல்லாம் ஜாப் கார்டில்தான்

நீங்கள் சொல்வது: "செகண்ட் கியர் போட்டா கடகடன்னு சத்தம் வருது." சர்வீஸ் அட்வைசர் எழுதுவது: "ஜெனரல் செக்கப்." இப்படி மூன்று முறை நடந்தால், ரெக்கார்டில் அந்தச் சத்தம் ஒருமுறைகூட வரவே இல்லை! பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அதனால் 'கஸ்டமர் வாய்ஸ்' பகுதியில் உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். "ஏற்கெனவே மாற்றிய பார்ட், மறுபடியும் பழுது" என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கார் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, ஓடிய கிலோமீட்டர் மூன்றும் இருக்கட்டும். ஒரு ரூபாய்கூட கட்டாத வேலை என்றாலும், பார்ட் பெயரோடு பில் வாங்குங்கள். "ஒண்ணும் இல்ல சார், நார்மல்தான்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சத்தத்தை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். வாரண்டியில் மாற்றிய பார்ட்டுக்குப் பொதுவாகப் புதிதாக வாரண்டி ஓடாது, காருக்கு மீதமிருக்கும் காலம் மட்டும்தான்.

'தேய்மானம்' என்று சொன்னால்?

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் போன்றவை தேய்கிற பொருள்கள் என்று வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். டயர், பேட்டரிக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் வாரண்டி தனி. ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் இரண்டு முறை போனால் அதை சாதாரணத் தேய்மானம் என்று விட்டுவிட வேண்டாம். "ஓட்டுற விதம் சரியில்ல" என்பது வழக்கமான பதில். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். வெளியே ஒயரை வெட்டி லைட், ஹாரன் மாட்டியிருந்தால் மட்டும் எலெக்ட்ரிகல் புகாரில் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

எங்கே புகார் தரலாம்?

முதலில் டீலருக்கும் கார் நிறுவனத்துக்கும் மெயில். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முடியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். கார் வாங்கிய ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். டீலர், தயாரிப்பு நிறுவனம் இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பரிசோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் ஆணையமே பரிசோதனைக்கு உத்தரவிடலாம். அதைக் கேட்டு மனு போட மறக்காதீர்கள்.

புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்" என்று இழுத்துக்கொண்டே போனால் இந்தக் கெடுவும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும்.

ரீகால் இருக்கா, பாருங்க

உங்கள் மாடலில் பலருக்கும் அதே பார்ட் போகிறது என்றால், நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ரீகால் அறிவித்திருந்தால் பார்ட்டை இலவசமாக மாற்றித் தருவார்கள். வாரண்டி முடிந்த காராக இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.