மைக்கூட்டை நகர்த்திய கை: ஹல்லாஜ் வழக்கில் சட்டமும் அதிகாரமும்

மன்சூர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 'அனல் ஹக்' என்ற சொல்தான். 'நானே மெய்ப்பொருள்' என்று சொல்லிக் கொலைமேடை ஏறிய ஞானி என்றே அவர் கதையைக் கேட்டிருக்கிறோம். உண்மையில் மன்சூர் என்பது அவருடைய தந்தையின் பெயர். அவர் பெயர் ஹுசைன் இப்னு மன்சூர். ஹல்லாஜ் என்றால் பஞ்சு கொட்டுபவர். பாரசீகத்தில் பைழா நகருக்கு அருகே ஏறத்தாழ 858இல் பிறந்து, ஈராக்கின் வாசித் நகரில் வளர்ந்து, 922 மார்ச் 26 அன்று பக்தாதில் கொல்லப்பட்டவர். தந்தையின் பெயர் மகன்மேல் ஒட்டிக்கொண்டதைப் போலவே, தீர்ப்பில் இல்லாத ஒரு குற்றமும் பின்னாளில் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

ஷரீஅத்துக்கும் சூஃபி நெறிக்கும் தீராப் பகை உண்டு என்று வாதிடுவோர் முதலில் அழைக்கும் சாட்சி ஹல்லாஜ். வழக்கின் நடப்பைக் கூர்ந்து பார்த்தால் இந்தச் சாட்சி அவர்களுக்கு உதவாது என்பதே என் வாதம். அவருக்கு மரணம் எழுதப்பட்டது ஹஜ் கடமை பற்றிய ஒரு பத்தியின் பேரில். அதையும் சட்டம் தன் போக்கில் எழுதிவிடவில்லை. அமைச்சர் ஒருவர் வற்புறுத்தி எழுதி வாங்கினார்.

விசாரணையை நேரில் கண்டு எழுதியவர் இப்னு ஸன்ஜி. அவருடைய தந்தை அமைச்சர் ஹாமித் இப்னு அப்பாஸிடம் எழுத்தராக இருந்தவர். ஹல்லாஜின் சீடர்கள் வீடுகளில் கைப்பற்றப்பட்ட ஏடுகள் அமைச்சர் முன்னிலையில் நாள்தோறும் படிக்கப்பட்டன. ஒருநாள் படித்த ஏட்டில் இப்படி ஒரு செய்தி வந்தது: ஹஜ்ஜுக்குப் போக விரும்பியும் போக முடியாதவர் தம் வீட்டில் ஓர் அறையைத் தூய்மையாக ஒதுக்கிவைக்கட்டும், அதற்குள் யாரும் போகக் கூடாது, ஹஜ் நாட்கள் வந்ததும் அதைச் சுற்றி வந்து, மக்காவில் செய்யும் கிரியைகளைச் செய்யட்டும். பிறகு முப்பது அநாதைக் குழந்தைகளை அழைத்து, தம்மால் இயன்ற நல்ல உணவைச் சமைத்து, தாமே பரிமாறி, தாமே அவர்கள் கைகளைக் கழுவிவிட்டு, ஆளுக்கொரு சட்டையும் ஏழு திர்ஹமும் கொடுக்கட்டும். இது அவருக்கு ஹஜ்ஜுக்கு ஈடாகும். ஏழா மூன்றா என்ற ஐயம் தனக்கு இருப்பதாக இப்னு ஸன்ஜி அதே இடத்தில் எழுதிவைக்கிறார். ஓர் எண்ணைக்கூட ஊகித்து எழுதத் துணியாத இந்தக் கவனத்தால்தான் அவர் சாட்சியத்துக்கு நான் முதலிடம் தருகிறேன்.

படித்து முடிந்ததும், மாலிக்கி மத்ஹபைச் (சட்டப் பள்ளியைச்) சேர்ந்த காஜி (நீதிபதி) அபூ உமர் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். முற்கால ஞானி ஹசன் பஸ்ரியின் இக்லாஸ் நூலிலிருந்து என்றார் ஹல்லாஜ். காஜிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நூலை மக்காவில் பாடம் கேட்டிருக்கிறோம், இப்படி எதுவும் அதில் இல்லை என்று சொன்னவர், ஹல்லாஜை 'ரத்தம் ஆகுமாக்கப்பட்டவனே' (கொல்லத் தக்கவனே) என்றும் விளித்துவிட்டார். அதுவரை நடந்தது மேற்கோள் சரியா தவறா என்ற சர்ச்சை. சினத்தில் வந்த அந்த விளியை ஹாமித் பிடித்துக்கொண்டார். சொன்னதை எழுதிக் கொடுங்கள் என்றார். அபூ உமர் பேச்சை மாற்றிப் பார்த்தார், ஹல்லாஜோடு வேறு பேசிப் பார்த்தார். ஹாமித் விடவில்லை. தம் மைக்கூட்டைக் காஜியின் முன்னால் நகர்த்தினார், தாளும் வரவழைத்தார். மறுக்க வழியில்லாத அளவுக்கு நெருக்கியதும் காஜி எழுதினார், அவையில் இருந்தவர்களும் கையெழுத்திட்டார்கள். தம் உயிருக்கு உலை வைக்கப்படுவதைக் கண்ட ஹல்லாஜ், தம் உடலும் உயிரும் மார்க்கத்தின் பாதுகாப்பில் இருப்பவை, தம் சமயம் இஸ்லாம், தம் வழி சுன்னா, அதுபற்றித் தாம் எழுதிய நூல்கள் புத்தகக் கடைகளிலேயே கிடைக்கின்றன என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதும் கைகள் நிற்கவில்லை.

இதில் சட்டம் எங்கே இடறியது? ஹஜ் வசதியும் வலிமையும் உள்ளவர் மீது மட்டுமே கடமை. போக இயலாதவர் மீது அந்தக் கடமையே இல்லை. அவர் தம் வீட்டு அறையைச் சுற்றி வந்தால் அதை மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று சட்ட அறிஞர் கண்டிக்கலாம். ஈடாகும் என்ற சொல்லை விரித்து, இது மக்காவுக்குப் போகும் கடமையையே மறுப்பதாகும் என்றும் வாதிடலாம். முன்னது கண்டனத்தோடு முடியும். பின்னது மதம் மாறிய குற்றம் வரை போகும். இரண்டில் எது என்பதை ஏடு சொல்லாது. எழுதியவர் அதை நம்புகிறாரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தைச் சரியாகத் தொட்டவர் மற்றொரு காஜியான ஹனஃபி அறிஞர் அபூ ஜஃபர் இப்னு புஹ்லூல். நம்பாததையும் மனிதர் எடுத்துச் சொல்வதுண்டு. ஆகவே அவரே நம்புவதாக ஒப்புக்கொண்டாலொழிய கொல்ல முடியாது என்றார். ஃபிக்ஹ் எனும் சட்டக்கலை கற்ற ஒருவர் பேச வேண்டிய பேச்சு இதுதான். அவையில் அது எடுபடவில்லை.

மாலிக்கி காஜியின் கையெழுத்தை ஹாமித் விடாமல் கேட்டதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. வெளியே முஸ்லிமாகவும் உள்ளே மறுப்பாளராகவும் இருப்பவரை ஸிந்தீக் என்பார்கள். அவர் தவ்பா (மனம் வருந்தி மீளல்) செய்தால் ஏற்கலாமா என்பதில் மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபில் ஏற்கப்படும். மாலிக்கி மத்ஹபிலோ, பிடிபட்ட பின் செய்யும் தவ்பா அவர் உயிரைக் காக்காது. 'என் வழி சுன்னா' என்று ஹல்லாஜ் எத்தனை முறை கூவினாலும் பயனற்றுப் போகும் கதவு அது.

ஷாஃபி மத்ஹபின் குரலும் இந்த வழக்கின் முற்பகுதியில் பதிவாகியிருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படுவது இந்த மத்ஹப்தான் என்பதால், தமிழ் வாசகர் இதைக் கூடுதல் அக்கறையோடு பார்க்கலாம். இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே காதல் என்ற பேச்சையே ஏற்காத ழாஹிரி அறிஞர் இப்னு தாவூத், ஹல்லாஜைக் கொல்லலாம் என்று ஃபத்வா கொடுத்தார். அன்றைய பக்தாதில் ஷாஃபிகளின் தலைமகனான இப்னு சுரைஜ் அதற்கு உடன்படவில்லை. இந்த மனிதரின் அகநிலை எனக்கு எட்டாதது, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்பது அவர் நிலை. இதைச் சிலர் நழுவல் என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காஜியின் அதிகார எல்லை செயலோடும் ஒப்புதலோடும் முடிகிறது, உள்ளத்துக்குள் நுழைவதில்லை என்று சட்டம் தன் கையாலேயே கோடு போட்டுக்கொண்ட இடம் இது. இப்னு சுரைஜ் 918இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கோட்டை நினைவூட்ட அவர் இல்லை.

ஹாமிதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அவர் வரிக் குத்தகையில் வளர்ந்தவர். அவர் தானியத்தைக் குவித்து வைத்ததால் விலை ஏறி, பக்தாதில் மக்கள் கலகம் செய்தது விசாரணைக்குச் சற்று முன்னர்தான். ஏழைகளிடமும் அரண்மனையிலும் ஒருசேர ஆதரவு பெற்றிருந்த கைதி அவர் கண்ணில் உறுத்தினார். கலீஃபா முக்ததிரின் தாய் ஷகபும் அரண்மனை அதிகாரி நஸ்ரும் ஹல்லாஜின் பக்கம் நின்றார்கள். போதாததற்கு, கலீஃபாவின் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிக் குழுவான கர்மதியர் பற்றிய பயம். அவர்கள் 906இல் ஹஜ் பயணிகளின் கூட்டத்தையே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். 913இல் ஹல்லாஜ் முதன்முறை தண்டிக்கப்பட்டபோது, கர்மதியரின் ஆள் என்று அறிவித்துத்தான் அவரை மக்கள் முன் கட்டி நிறுத்தினார்கள். வீட்டிலேயே ஹஜ் என்ற சொல் அந்தக் காலத்துக் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இறையியல் குற்றச்சாட்டு அறவே எழவில்லை என்று நான் சொல்லவில்லை. இறைவனே எழுதுவதுபோல் தலைப்பிட்ட கடிதங்களைக் காட்டி, இறைமை கோருகிறாயா என்று கேட்டார்கள். அது சூஃபிகள் சொல்லும் ஒன்றிய நிலை, எழுதுபவன் இறைவன், கை வெறும் கருவி என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை ஆதரித்த சூஃபி இப்னு அதாவை ஹாமித் அழைத்து விசாரித்தார். மக்கள் பொருளைப் பறித்த உமக்கு இந்தப் பெரியோர் பேச்சில் என்ன வேலை என்று இப்னு அதா ஹாமிதின் முகத்துக்கு நேராகக் கேட்டார். காவலர்கள் இப்னு அதாவின் செருப்பைக் கொண்டே அவரை அடித்தார்கள். சில நாட்களில் அவர் இறந்துபோனார். ஆக, கடிதங்கள் வழக்கைச் சூடாக்கின. ஆனால் அவற்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியவில்லை. அதற்கு முப்பது அநாதைகளின் விருந்து தேவைப்பட்டது.

'அனல் ஹக்' குற்றமாக மாறியது பிறகு. ஹல்லாஜின் தவாசீன் நூலில் அந்தச் சொல் இருக்கிறது. இப்னு ஸன்ஜி காட்டும் தீர்ப்புக் காட்சியில் இல்லை. 1149இல் இறந்த மாலிக்கி அறிஞர் காழி இயாள் தம் ஷிஃபா நூலில் இந்த வழக்கைக் குறிப்பிடும்போது, இறைமை கோரியதற்கும் 'அனல் ஹக்' என்றதற்குமாக பக்தாத் மாலிக்கிகள் அவரைக் கொல்ல உடன்பட்டார்கள் என்கிறார். வெளிப்படையில் ஷரீஅத்தைப் பேணியவர் என்பதை ஒப்புக்கொண்டு, தவ்பா ஏற்கப்படவில்லை என்றும் சேர்க்கிறார். வீட்டு அறை, அநாதைகள், மைக்கூடு எதுவும் அங்கே இல்லை. இருநூறு ஆண்டுகளில் ஒரு நடைமுறைக் குளறுபடி கொள்கைத் தீர்ப்பாக உயர்ந்துவிட்டது. ஹல்லாஜைப் போற்றிய பாரசீகக் கவிஞர்களுக்கும் இந்த வடிவமே பிடித்துப்போனது. தண்டித்தவரின் வாரிசுகளும் நேசித்தவரின் வாரிசுகளும் ஒரே பிழையில் சந்தித்துக்கொண்டார்கள்.

காஜியின் தீர்ப்பு எழுதப்பட்ட பின்னும் கலீஃபா கையெழுத்திடத் தயங்கினார். ஹாமித் விடாப்பிடியாக நின்று ஆணை வாங்கினார். ஆயிரம் கசையடிக்குப் பிறகு கைகால்களைத் துண்டித்தார்கள், தலையை வெட்டினார்கள், உடலை எரித்துச் சாம்பலை தஜ்லா (டைக்ரிஸ்) ஆற்றில் விட்டார்கள். அதன்பின் பக்தாதின் புத்தக வணிகர்களை வரவழைத்து, ஹல்லாஜின் நூல்களை இனி விற்பதில்லை, வாங்குவதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். என் நூல்கள் கடைகளில் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள் என்று அவர் கடைசியாகச் சுட்டிக்காட்டியது அந்தக் கடைகளைத்தான்.