பந்திக்காக உருண்ட பந்து

விளையாட்டை வீண்பொழுது என்று ஒதுக்கும் பெரியோர் நம் பங்கிலும் உண்டு. பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்கவே ஒரு கால்பந்துக் கழகம் தோன்றிய வரலாற்றை அறிந்தால் அவர்களும் மகிழ்வர்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடியேறிய கத்தோலிக்க ஏழைகள் அதன் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். குறைந்த கூலி, அந்நியர் என்ற இகழ்ச்சி வேறு. அங்கே திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர், 1840-இல் அயர்லாந்தில் பிறந்த மரிஸ்ட் சபை அருட்சகோதரர் வால்ஃபிரிட். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்றறிந்த அவர், புனித வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையுடன் ஒரு பென்னிக்குச் சூடான உணவு வழங்கினார். அதற்குப் பணம் வேண்டுமே!

எடின்பர்க்கில் புனித பத்திரிசியார் பங்கின் ஐரிஷ் இளைஞர்கள் 1875-இல் தொடங்கிய ஹிபெர்னியன் கழகம், 1887-இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அதனால் ஊக்கம் பெற்ற சகோதரரும் தோழர்களும், 1887 நவம்பர் 6 அன்று புனித மரியன்னை பங்கு மண்டபத்தில் கூடி 'செல்டிக்' கழகத்தை நிறுவினர். ஐரிஷ், ஸ்காட்டிஷ் மக்கள் இருவருக்கும் பொதுவான பெயர் அது. தொண்டர்கள் கூலியின்றி உழைத்து மைதானம் அமைத்தனர். 1888 மே 28-இல் முதல் ஆட்டத்தில் ரேஞ்சர்ஸை 5–2 என வென்றனர். ஆட்ட வசூலில் ஒரு பகுதி பிள்ளைகளின் தட்டில் உணவாயிற்று.

ஆனால் வெற்றியும் ஒரு சோதனையே. 1890-களின் தொடக்கத்தில் சகோதரர் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897-இல் கழகம் வணிக நிறுவனமாயிற்று. பங்கு மக்களின் கழகம் பங்குதாரரின் கழகமாகவே, பந்திக்குச் சென்ற பணம் அருகிப் போயிற்று. இரு அணி ஆதரவாளரிடையே மதப்பகையும் வேரூன்றியது.

எனினும் விதைத்தது வீண்போகவில்லை. 1967 மே 25-இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2–1 என வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றிய செல்டிக் வீரர் அனைவரும் கிளாஸ்கோவைச் சுற்றி ஏறத்தாழ 30 மைலுக்குள் பிறந்தவர்கள். அவர்களின் மேலாளர் ஜாக் ஸ்டீனோ புராட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர்! 1995-இல் தன் பிறப்பை நினைவுகூர்ந்து கழகம் அறநிதி ஒன்றையும் நிறுவியது.

விழாக் காணும் நாம் இதை மனத்தில் இருத்துவோம். நம் இளைஞர் கோப்பைகளை வெல்லட்டும். அத்துடன், அந்த ஆட்டத்தால் யாருடைய பசி தீர்ந்தது, யாருடைய தலை நிமிர்ந்தது என்றும் நாம் கேட்போம்.