வைரம் ஏறியும் விலை இறங்கிய கடிகாரம்

பூட்டின்மீது திண்டுக்கல் என்று பெயர் வெட்டியிருந்தால் போதுமா? அது திண்டுக்கல் பட்டறையில் அடித்த பூட்டாக இருக்க வேண்டாமா? அலிகாரிலிருந்து மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தபின் எம் நகரத்தார் இவ்வினாவை நன்கு அறிவர். 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் காப்பதற்கே. அதே வினா இன்று மாப்பிள்ளைக்கு அணிவிக்கும் கைக்கடிகாரத்திலும் எழுந்துள்ளது.

பேகம்பூரில் நானறிந்த ஒரு குடும்பத்தார், வெளியூர் வணிகர் ஒருவரிடம் சுவிட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்றை வாங்கினர். முகப்பு வளையம் முழுதும் வைரம். பெண்ணின் தாயார் தம் வளையல்களை விற்றுத் தந்த பணம் அது. ஈராண்டில் கடிகாரம் நின்றது. கற்கள் தொழிற்சாலையில் பதித்தவையல்ல, வளையமே பிறர் செய்தது என்று கூறிப் பழுதுபார்க்க மறுத்துவிட்டனர். கற்களோ மெய்யான வைரம்!

வைரம் சேர்ந்தால் விலை ஏறத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் கல் பதிக்க உலோகத்தைக் குடைய வேண்டும். குடைந்ததைப் பழையபடி ஆக்க இயலாது. நீர் புகாமைக்கும் உறுதி இல்லை. பெயருக்காக வாங்குவோர் பிறர் கைபட்டதை விரும்புவதுமில்லை.

இவ்வழக்கு புதியதன்று. புலோவா கடிகாரங்களின் உள் இயந்திரத்தை எடுத்து, வைரம் பதித்த வேறு கூட்டில் பொருத்திப் புலோவா என்றே விற்றவர்கள்மீது அமெரிக்காவில் வழக்கு நடந்தது. அது புலோவா கடிகாரமே அன்று, வேறொரு பொருள் என 1964இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 2024இல் ரோலெக்ஸ் வழக்கிலும், பிறர் செய்த வளையமும் வைரமும் பொருத்திய பழைய கடிகாரத்தை ரோலெக்ஸ் பெயரோடு விற்பது போலிக்குறியே என்று மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. பழையதைச் செப்பனிட்டு விற்பதே குற்றமன்று. செப்பனிட்டது என்று பொருளிலேயே பொறித்து விற்கலாம் என்பதை 1947இல் ஸ்பார்க் பிளக் வழக்கொன்றில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது.

நம் ஃபிக்ஹ் நூல்களைப் புரட்டியவர்க்கு இவை வியப்பளிக்கா. பாலைக் கறவாது மடியில் தேக்கி, கறவை மிக்கதாகக் காட்டி விற்ற ஆட்டைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். (இதன் செயல்முறையில் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு பாடம்.) மடியில் இருந்ததும் மெய்யான பால்தான். எதைக் குறை எனக் கொள்வது? வணிகர் வழக்கில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை என்பது ஹனஃபி நூல்களின் அளவுகோல்.

"வைரம் என்றேன், வைரம்தானே இருக்கிறது?" என்றாராம் விற்றவர். விலைச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். கடிகாரத்தின் பெயர் இருந்தது, கற்களின் எண்ணிக்கை இருந்தது. பதித்தவர் யார் என்பது மட்டும் இல்லை.