நீரிழிவு இதய நரம்புச் சிதைவு

நீண்டநாள் நீரிழிவால் இதயத்தை ஆளும் தன்னியக்க நரம்புகள் சிதைவது இந்நோய். நீளமான நரம்புகளையே சர்க்கரை முதலில் அரிக்கும். தன்னியக்க நரம்புகளில் மிக நீண்டது வேகஸ். துடிப்பைத் தணித்துவைக்கும் அது முந்திப் பழுதாவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறைத் தொடும். பின்னர் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளும் கெட்டுவிட்டால், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும்.

1945இல் அமெரிக்க மருத்துவர் வெய்ன் ரண்டல்ஸ், நீரிழிவால் நரம்பு கெட்ட 125 பேரைப் பற்றி எழுதியபோது தன்னியக்க நரம்புக் கோளாறுகளையும் பதிவுசெய்தார். ஆனால் இதய நரம்பின் பழுதை அளந்து காட்டும் எளிய வழி பிறகே வந்தது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். இந்த ஏற்ற இறக்கம் வேகஸின் வேலை. நரம்பு கெட்ட நீரிழிவு நோயாளிகளிடம் இது மறைந்துபோவதை 1973இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் வீலரும் வாட்கின்ஸும் காட்டினர். எப்படி மூச்சுவிட்டாலும் துடிப்பு ஒரே சீராக ஓடியது; மாற்றிப் பொருத்திய இதயமும் அப்படித்தான் துடிக்கும்.

இத்துறைக்கு உருக்கொடுத்தவர்கள் எடின்பரோவின் டேவிட் யூயிங்கும் கிளார்க்கும். ஆழ்ந்து மூச்சுவிடுதல், எழுந்து நிற்றல், அடைத்த மூச்சை ஊதுதல், கையை இறுக்கிப் பிடித்தல் என அவர்கள் வகுத்த படுக்கையோரச் சோதனைகளுக்கு ஈசிஜி, ரத்த அழுத்தமானி போன்ற எளிய கருவிகளே போதும். 73 நோயாளிகளை அவர்கள் தொடர்ந்து கவனித்து 1980இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை உலுக்கியது: சோதனையில் பழுது தெரிந்தவர்களில் 56 சதவீதத்தினர் ஐந்தாண்டுக்குள் இறந்தனர். அந்த நோயாளிகள் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பிற்கால ஆய்வுகளில் இறப்பு இதைவிடக் குறைவு.

இன்னொரு கொடுமை, வலியற்ற மாரடைப்பு. அப்படி இறந்த நீரிழிவு நோயாளிகளின் இதய நரம்பு இழைகளில் சிதைவு இருந்ததை அர்ஜென்டினாவின் ஃபேர்மன் குழு 1977இல் நுண்ணோக்கியில் கண்டது. நெஞ்சு வலிக்கவில்லையே என்று வீட்டார் நம்பியிருக்க, வியர்வையும் மூச்சிரைப்பும் களைப்பும் மட்டுமே எச்சரிக்கையாக வருகின்றன.

1993இல் முடிந்த வட அமெரிக்காவின் பெரும் ஆய்வு, முதல் வகை நீரிழிவில் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் இச்சிதைவு ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்று நிறுவியது. இரண்டாம் வகையில் அந்த அளவு பலன் கிட்டவில்லை; அங்கே ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது. கெட்டுப்போன நரம்பை முழுமையாக மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை.